இரண்டு பேர் பார்த்த பறவை

1

விராலடிப்பான் திரும்பி வந்துவிட்டது. கல்கரியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆற்றோரமாக ஒரு விளையாட்டு மைதானம் உண்டு. அங்கே ஒரு விளக்குக் கம்பத்தின் உச்சியில் அது கட்டிய குச்சிக்கூடு பனிக்காலம் முழுவதும் வெறுமனே கிடந்தது. இப்போது கூட்டில் ஆள் இருக்கிறது. முதலில் பார்த்தது நான் இல்லை, பக்கத்து வீட்டு மார்கரெட். கதவைத் தட்டி, "உன் பறவை வந்தாயிற்று" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

என் பறவையாம். போன கோடையில் அந்தக் கம்பத்தடியில் கழுத்து வலிக்க நான் நின்ற நிற்பைப் பார்த்து, அவளாகவே எழுதிக் கொடுத்த பட்டா அது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். விராலடிப்பான் மீனைத் தவிர வேறெதையும் அதிகம் தொடாத ஒரு பெரிய வேட்டைப் பறவை. உயரத்தில் வட்டமிட்டு, மீனைக் கண்டதும் காலை நீட்டிக்கொண்டு தண்ணீரில் விழும். கோடையில் இங்கே குஞ்சு பொரித்துவிட்டு, பனி விழுவதற்கு முன்னால் தெற்கே போய்விடும். ஆசியாவின் வடகோடியில் வாழும் அதன் பங்காளிகள் குளிருக்கு நம் ஊர்க் குளங்களுக்கு வரும். மார்கழி, தை மாதங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் கோயம்புத்தூர் உக்கடம் பெரியகுளத்திலேயே பார்க்கலாம்.

நான் இப்போது தலையைக் குனிந்துகொண்டு பஸ் நிறுத்தத்துக்குப் போகிறேன். அது மேலேயிருந்து விசிலடித்துக்கொண்டிருக்கிறது. நிமிர மனம் வரவில்லை. பைனாகுலரும் கையில் இல்லை, கோயம்புத்தூரில் இருக்கிறது. ஏன் பார்க்க வரவில்லை என்று மார்கரெட் கேட்டாள். இங்கிலீஷில் சொல்லிப் பார்த்தேன், பாதியில் நின்றுவிட்டது. பிழைப்புக்கு வேண்டிய இங்கிலீஷ் என்னிடம் தாராளமாக இருக்கிறது, இதற்கு அது போதவில்லை. உங்களிடம் என்றால் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2

என் அண்ணன் ஆவாரம்பாளையத்தில் லேத் பட்டறை வைத்திருந்தார். பம்புகளுக்கு ஷாஃப்ட் கடைந்து கொடுப்பது தொழில். ஞாயிற்றுக்கிழமை பட்டறை லீவு. அன்றைக்கு விடியும்போதே அவரும் நானும் மொபெட்டில் கிளம்பிவிடுவோம். உக்கடம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர் என்று வாரம் ஒரு குளம். கல்யாண வயதில் இருக்கிற பெண் கொக்கு பார்க்கப் போகிறாளே என்று சொந்தக்காரர்கள் அம்மாவிடம் இழுத்து இழுத்துப் பேசினார்கள். அண்ணன் கூடத்தானே போகிறாள் என்று அம்மா வாயை அடைத்துவிட்டாள்.

எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பைனாகுலர். உக்கடத்துப் பழைய சாமான் கடையில் பொறுக்கியது. இடது பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்து எப்போதும் மார்கழிப் பனியாக இருக்கும். வலது பக்கம் மட்டும் ஒழுங்காகத் தெரியும்.

ஒரு பைனாகுலர், இரண்டு பேர். எங்கள் சட்டம் இதிலிருந்துதான் பிறந்தது. அண்ணன் ஒரு பறவையைப் பார்த்துவிட்டு என்னிடம் தருவார், நான் பார்த்தால் அவரிடம் தருவேன். இரண்டு பேரும் பார்த்தால்தான் அது கணக்கில் வரும். கை மாறுகிற நேரத்தில் பறந்துவிட்டால் போனதுதான். திரும்பும் வழியில் பேக்கரியில் உட்கார்ந்து, டீயும் தேங்காய் பன்னுமாகக் கணக்கை முடிப்போம். கோயம்புத்தூரில் எந்த விவகாரம்தான் பேக்கரியில் முடியாமல் இருக்கிறது? அண்ணன் ஒவ்வொரு பெயராகச் சொல்வார். "நாமக்கோழி" என்பார். நான் "பாத்தேன்" என்பேன், அவரும் "பாத்தேன்" என்பார். இரண்டு பாத்தேன் விழ வேண்டும். ஒன்று குறைந்தாலும் தள்ளுபடி.

இதில் அண்ணனிடம் தயவு தாட்சண்யமே கிடையாது. ஒரு தடவை சூலூர் குளத்தில் தனியாக ஒரு பூநாரை நின்றது. அண்ணன் அந்த நேரம் பார்த்து மொபெட்டில் பிளக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் கை துடைத்துக்கொண்டு வருவதற்குள் அது எழுந்து போய்விட்டது. அன்றைக்கு நான் பன்னைக்கூடத் தொடவில்லை. வீட்டில் அம்மா கெஞ்சினாள்.

"சேத்துக்கயேண்டா, புள்ள அழுகுதல்லோ."

"அதெப்படிம்மா? நாம் பாக்காததப் பாத்தேன்னு சொல்லோணும்னா, அப்பறம் எதுக்கு வெடியால எந்திரிச்சுப் போகோணும்?" என்றார் அண்ணன்.

தனக்கும் அவர் அதே கணக்குத்தான் வைத்திருந்தார். ஒரு தை மாதக் காலையில், பெரியகுளத்தில் பைனாகுலர் அவர் கையில் இருந்தது. திடீரென்று "கண்ணு, விராலடிப்பான்" என்றார். அவ்வளவு நாளாக நாங்கள் தேடிக்கொண்டிருந்த பறவை. குளத்தில் யாரோ பாறாங்கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். பைனாகுலர் என் கைக்கு வருவதற்குள் அது மீனோடு மரங்களுக்குப் பின்னால் மறைந்துவிட்டது. நான் பார்த்தது தண்ணீரில் விரிந்துகொண்டே போன வட்டத்தை மட்டும்தான்.

"நீர்க்காகம் முங்குனா சத்தமே வராது கண்ணு. இவன் உழுந்தாத்தான் இப்பிடி" என்றார். முகமெல்லாம் பூரித்திருந்தது. ஆனால் பேக்கரியில் அந்தப் பெயரை அவர் சொல்லவே இல்லை. நான் பார்க்கவில்லையே. நம் இரண்டு பேருக்கும் சேர்ந்து ஒரு நாள் கிடைக்கும் என்று மட்டும் சொன்னார்.

3

கிடைக்கவில்லை. எனக்குக் கல்யாணமாகி விமானம் ஏறினேன். இங்கே ஒரு பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. காலையிலிருந்து சாயந்திரம் வரை கல்கரி ஜனங்களின் ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று பார்த்துச் சொல்லும் வேலை. வந்த புதிதில் ஓரிரு தடவை ஆற்றங்கரைக்குப் போய்ப் பார்த்தேன். பறவைகள் இருந்தன. பார்த்துவிட்டுக் கையைப் பக்கவாட்டில் நீட்டினால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. அப்புறம் பிள்ளை, ஷிஃப்ட், வீட்டுக் கடன், கணவரின் நோய், அவருடைய மறைவு. எத்தனையோ வருடம் நான் மேலே பார்த்தது மழை வருமா என்று தெரிந்துகொள்வதற்கு மட்டும்தான்.

மகன் நிதின் வான்கூவரில் இருக்கிறான். அவனுடைய தமிழ், எல்லாவற்றுக்கும் 'ங்க' போடும் எங்கள் வீட்டு மரியாதையோடு நின்றுபோன தமிழ். சின்ன வயதில் ஜன்னலோரம் நின்று, "அம்மா, ரெண்டு காக்கா வந்திருக்காங்க" என்பான். இப்போது அதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை போன் செய்து இங்கிலீஷில் நலம் விசாரித்து, கடைசியில் ஒரே ஒரு "சாப்டியாம்மா" போட்டு முடிப்பான். அந்த ஒரு வார்த்தைக்காக நான் போனை வைக்காமல் இழுத்துக்கொண்டிருப்பேன்.

போன கோடையில்தான் எல்லாம் திரும்ப ஆரம்பித்தது. வேலை முடிந்து மைதானத்தின் குறுக்கே வந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் விசில் சத்தம் கேட்டு நிமிர்ந்தால் விளக்குக் கம்பத்தின் மேல் விராலடிப்பான், காலில் மீன். பையைக் கீழே வைத்துவிட்டு அங்கேயே நின்றேன். எத்தனை வருடத்துக்கு அப்புறம் என் பழைய கண் திரும்பக் கிடைத்தது என்று எனக்கே தெரியவில்லை. மறுநாளே போய் ஒரு நல்ல பைனாகுலர் வாங்கினேன். இரண்டாகவே வாங்கியிருக்கலாம். இரண்டு இருந்தால் எங்கள் விளையாட்டுக்கு அர்த்தமில்லை என்று ஒன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

போனில் ஒரு படம் எடுத்து அண்ணனுக்கு அனுப்பினேன். "நான் பாக்கலியே கண்ணு, இது கணக்குல வராது" என்று வம்புக்கு நிற்பார் என்று எதிர்பார்த்திருந்தேன். அவர் குரல் பதிவில் பதில் அனுப்பியிருந்தார்.

"ரொம்ப நல்லா இருக்குது கண்ணு. ரெக்கையெல்லாம் அருமையாத் தெரியுது."

அந்தப் படத்தில் பறவை சிறகை மடித்து உட்கார்ந்திருந்தது. ஏதோ அவசரத்தில் பேசியிருக்கிறார் என்று விட்டுவிட்டேன். தையில் ஊருக்கு வருகிறேன், பைனாகுலரோடு வருகிறேன், பெரியகுளத்துக்குப் போகிறோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து "வா கண்ணு" என்று மட்டும் வந்தது.

கிளம்புவதற்குள் தூதரக இணையதளம் என் உயிரை எடுத்துவிட்டது. குடியுரிமை மாறியவர்கள் ஊருக்கு வந்துபோக வைத்திருக்கும் அட்டையைப் புதுப்பிக்க வேண்டும். என் கையெழுத்தின் அளவு சரியில்லை என்று அது திரும்பத் திரும்பத் தள்ளியது. போனில் அண்ணனிடம் புலம்பினேன். "நம்மூருக்கு வாரதுக்கு உன்ற கையெழுத்து பத்தலியாமா?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை.

4

குறிச்சியில் அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நங்கையா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அண்ணியை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் கூப்பிடுவது. அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து, நான் பேசிய பிறகு என் பக்கம் திரும்பி, "வந்துட்டியா கண்ணு" என்றார். இளைத்திருந்தார். பட்டறையை விற்றுவிட்ட விஷயம் தெரியும். வயதாகிவிட்டது என்று காரணம் சொல்லியிருந்தார்.

எனக்கு ஆசை பொறுக்கவில்லை. காபி வருவதற்கு முன்னாலேயே பெட்டியைத் திறந்து பைனாகுலரை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைத் தடவித் தடவிப் பார்த்தார். வாழ்நாளெல்லாம் இரும்பைக் கடைந்த கை. "நல்ல வேலைப்பாடு கண்ணு" என்றார். பிறகு வாசலுக்குப் போய், கண்ணில் வைத்து எதிர் வீட்டைப் பார்த்தார்.

"அடேங்கப்பா. மாடியில காயற துணியெல்லாம் கையில தொடற மாதிரி தெரியுதே. பழசு எங்க, இது எங்க."

பைனாகுலரின் முன்பக்கத்தில் இரண்டு கறுப்பு மூடிகள் இருக்கும். கண்ணாடியில் கீறல் விழாமல் இருக்கக் கம்பெனியிலேயே போட்டுத் தருவது. இரண்டுமே கழற்றப்படாமல் இருந்தன. நான் அவருக்குப் பக்கத்தில் நின்று, மூடியிட்ட பைனாகுலர் வழியாக அண்ணன் ஊரைப் பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் கையிலிருந்து வாங்கி, "உள்ள வெக்கிறேங்கண்ணா" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்விட்டேன்.

நங்கையா என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். அடுப்பைக் குறைத்துவிட்டுத் தணிந்த குரலில் பேசினாள்.

"உங்க அண்ணனுக்குக் கண்ணு தெரியறதில்லீங்க அம்மிணி. சக்கரை கண்ணுல எறங்கிப்போட்டுது. ஊசி போட்டாச்சு, லேசரும் வெச்சாச்சு. நடுவால பூராம் இருட்டாமா. ஓரத்துல மட்டும் நெழலாட்டம் என்னமோ ஆடுதாமா."

"என்றகிட்ட ஏனுங்க ஒருத்தரும் சொல்லலை?"

"சொல்லக் கூடாதுன்னு கையில அடிச்சு சத்தியம் வாங்கிப்போட்டாருங்க. தெரிஞ்சா எங்க கண்ணு வேலைய உட்டுப்போட்டு ஓடியாந்துருவாள்னு."

ஊரார் சர்க்கரையை அளந்து சொல்லியே சம்பாதித்தவள் நான். எனக்கு அந்த அடுப்படியில் நிற்க முடியவில்லை. நாளைக்குக் குளத்துக்குப் போக வேண்டாம், ஜெட் லேக், உடம்பு சரியில்லை என்று சொல்லிவிடலாமா என்றேன். நங்கையா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பிடிப் பண்ணிப்போடாதீங்க. நீங்க வாரீங்கன்னு தெரிஞ்சதுலருந்து போன்ல பறவைச் சத்தமாப் போட்டுப் போட்டுக் கேட்டுட்டிருக்காருங்க. எது எப்பிடிக் கத்தும்னு பாடம் பண்றாரு. உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரி மட்டும் காட்டிக்காதீங்க."

கண்ணே தெரியாத என் அண்ணன், நான் ஊருக்கு வரும்போது "பாத்தேன்" என்று சொல்வதற்காகப் படித்துக்கொண்டிருந்திருக்கிறார். அடுப்படிச் சுவரில் சாய்ந்து, சத்தம் வராமல் அழுதேன். நங்கையா கொத்தமல்லி ஆய்ந்துகொண்டு எனக்குக் காவல் நின்றாள்.

5

காலையில் ஆட்டோ பிடித்துப் போனோம். பெரியகுளம் நான் விட்டுப்போன குளம் இல்லை. கரையெல்லாம் கல் பதித்த நடைபாதை, நடப்பவர்கள், செல்பி எடுப்பவர்கள், அந்தப் பக்கம் மேம்பாலம். வாசலில் நின்ற செக்யூரிட்டி என் கழுத்தைக் காட்டி, "ஏனுங்க மேடம், அது கேமராங்களா?" என்றார். பறவை பார்க்கிற சாமான் என்று சொன்னதும், "பறவைக்குங்களா? அப்பப் போங்க" என்று வழிவிட்டார். மூடிகளை நான் ஆட்டோவிலேயே கழற்றிக் கைப்பையில் போட்டிருந்தேன்.

நடக்கும்போது அண்ணன் என் தோளில் கை வைத்துக்கொண்டார். "முழங்காலு வலி கண்ணு" என்றார். நானும் மெதுவாக நடந்தேன்.

தண்ணீர் ஓரத்தில் நின்றதும் அவர் தலையைக் கொஞ்சம் சாய்த்துக்கொண்டார். எங்கேயோ மீன்கொத்தி கத்தியது. உடனே பைனாகுலரை வாங்கிக் கண்ணில் வைத்தார்.

"வெண்மார்பு மீன்கொத்தி. பாத்தேன். இந்தா கண்ணு."

அவர் பார்த்தது மேம்பாலத்தின் தூணை. மீன்கொத்தி எங்களுக்குப் பின்னால் கம்பியில் உட்கார்ந்திருந்தது. திரும்பிப் பார்த்துவிட்டு, "பாத்தேங்கண்ணா" என்றேன். சத்தம் போடும் பறவைகளை எல்லாம் அவர் இப்படியே பிடித்தார். நாமக்கோழி, தாழைக்கோழி, முக்குளிப்பான். ஒன்றுகூடத் தப்பவில்லை. சத்தமில்லாத பறவைகளுக்கு நான் வழி செய்தேன். "கூழைக்கடா ரெண்டு வருதுங்கண்ணா, இடது கைப் பக்கம், தண்ணிய ஒட்டி" என்று விவரமாகச் சொல்லிவிட்டுக் கொடுப்பேன். அவர் சரியாக இடது பக்கம் திருப்பி, நான் கணக்கிட்டிருந்ததை விடக் கொஞ்சம் அதிக நேரம் வைத்திருந்து, "பாத்தேன்" என்பார். பூநாரைக்கு இரங்காத மனுஷன். ஒவ்வொரு பாத்தேனும் என் நெஞ்சில் இறங்கியது. ஆனால் அவர் சந்தோஷமாக இருந்தார். அதையும் சொல்ல வேண்டும். வெயில் முகத்தில் பட, வாய் ஓரத்தில் சிரிப்போடு நின்றார்.

கிளம்பலாம் என்று நினைத்தபோது பைனாகுலர் என் கையில் இருந்தது. எதிர்க்கரைக்கு மேலே பெரிதாக ஒன்று வட்டமிட்டது. வளைந்த நீளச் சிறகு, வெள்ளை வயிறு, கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு. காற்றில் ஓர் இடத்தில் நின்று சிறகை அடித்தது. காலைத் தொங்கவிட்டது. விழுந்தது. பாறாங்கல் விழுந்த மாதிரி அதே சத்தம் கரை வரைக்கும் வந்தது. தண்ணீரை உதறிக்கொண்டு எழுந்தது. மீனின் தலை முன்பக்கம் வருமாறு காலில் திருப்பிப் பிடித்துக்கொண்டு, நேராக எங்கள் பக்கம் பறந்து வந்தது. அவசரமே இல்லை அதற்கு. ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் பைனாகுலர் மாறிப் போக வேண்டிய நேரம் தாராளமாக இருந்தது. இத்தனை வருடத்தில் அது எங்களுக்குக் கிடைத்ததே இல்லை.

அண்ணன் பழக்கப்படி கையை நீட்டினார். "என்ன கண்ணு அது?"

சொன்னால் அவர் பைனாகுலரை வானத்துக்குத் தூக்குவார். ஏதோ ஒரு வெற்று ஆகாயத்தைப் பார்த்துவிட்டு "பாத்தேன்" என்பார். தன் கண்ணால் பார்த்ததையே கணக்கில் வைக்காமல், எனக்காக அத்தனை வருடம் அவர் ஒதுக்கி வைத்திருந்த பறவைக்கு, அந்த ஒரு பறவைக்கு, அவர் பொய் சொல்லி நான் கேட்க வேண்டும். என்னால் முடியாது.

"நீர்க்காகங்கண்ணா" என்றேன்.

நீட்டிய கை கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது.

"நீர்க்காகமா?"

"ஆமாங்கண்ணா. முங்கிப்போட்டுது."

விராலடிப்பான் எங்கள் தலைக்கு மேலேதான் போனது. மீனிலிருந்து சொட்டிய தண்ணீர் நடைபாதைக் கல்லில் விழுந்தது. அண்ணன் கையை மடக்கிச் சட்டைப் பையோரம் வைத்துக்கொண்டார். "செரி, டீ குடிக்கலாம் வா" என்றார்.

6

பழைய பேக்கரி இல்லை. அந்த இடத்தில் செல்போன் கடை இருக்கிறது. பக்கத்தில் இருந்த வேறொரு பேக்கரியில் உட்கார்ந்தோம். டீயும் தேங்காய் பன்னும் வந்தன. அண்ணன் பைனாகுலரை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல் அதன் முன்பக்க விளிம்பைச் சுற்றிச் சுற்றி வந்தது. லேத்தில் கடைந்த சாமானை அளவு பார்க்கும்போது இப்படித்தான் தடவுவார். ஒரு சின்னப் பள்ளத்தில் விரல் நின்றது.

"இதுக்கு முன்னால போடறதுக்கு மூடி இருக்கோணுமே கண்ணு?"

"இருக்குதுங்கண்ணா."

"நேத்து எங்கிட்டக் குடுக்கறப்பவும் இருந்துதா?"

பொய் சொல்லலாம் என்றுதான் வாயைத் திறந்தேன், ஆனால் கை பைக்குள் போய்விட்டது. கைப்பையிலிருந்து இரண்டு மூடிகளையும் எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அவற்றைக் கொஞ்ச நேரம் மூடிப் பிடித்திருந்தார். பிறகு ஒவ்வொன்றாகத் தடவிப் பொருத்தி, பைனாகுலரைத் தன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மாடியில் காய்ந்த துணியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. பக்கத்து மேசையில் யாரோ நிலம் விலை பேசிக்கொண்டிருந்தார்கள்.

"செரி, கணக்க முடிக்கலாம்" என்றார் அண்ணன்.

ஒவ்வொரு பெயராகச் சொன்னார். மீன்கொத்தி. நாமக்கோழி. தாழைக்கோழி. முக்குளிப்பான். கூழைக்கடா. நான் பாத்தேன் என்றேன், அவரும் பாத்தேன் என்றார். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. எல்லாம் முடிந்துவிட்டது என்று நான் நினைத்தபோது, அவர் டீ டம்ளரை மேசையில் மெல்லச் சுற்றினார்.

"நீர்க்காகம்" என்றார்.

"பாத்தேன்" என்றேன். கண்ணீர் பன்னில் விழுந்தது.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். சரியாக என் முகத்துக்கு நேராக இல்லை, கொஞ்சம் தள்ளி.

"நல்ல கனமான நீர்க்காகம் கண்ணு" என்றார். "நானும் பாத்தேன்."